ரெசின் கல் தளத்துக்கு எந்த நிறக் கற்கள் பொருந்தும்?
கார் நிறுத்தும் முன்பாதைக்கு ரெசின் (கற்களை ஒட்டவைத்து இறுகும் செயற்கைப் பிசின்) கலந்த கல் தளம் போட எந்த நிறம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே நிறம் வேண்டாம், கலவையாக எடுங்கள். வெளிர் நிறம் டயர் தடத்தையும் எண்ணெய்க் கறையையும் உடனே காட்டிக்கொடுக்கும். கறுப்பில் தூசி தெரியும். கடும் வெயிலில் வெறுங்காலோடு மிதிக்க முடியாது. பழுப்பு, சாம்பல், மங்கிய மஞ்சள் கலந்தால் அழுக்கு அவ்வளவாகக் கண்ணில் படாது.

உலர்ந்த கல்லைப் பார்த்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். ரெசின் பூசியதும் கல் நனைந்ததுபோல் கருத்துவிடும். ஒரு கைப்பிடிக் கல்லில் தண்ணீர் தெளித்தாலே ஓரளவு புரிந்துவிடும். ஆனாலும் ரெசினில் இறுகிய மாதிரித் துண்டையே கேட்டு வாங்குங்கள். அதை வீட்டுச் சுவரையொட்டித் தரையில் வைத்து, காலை வெளிச்சத்திலும் மாலை வெளிச்சத்திலும் பாருங்கள். 1–3 மி.மீ. பொடிக்கற்கள் சேர்ந்தால் நிறம் சீராகத் தெரியும், 6 மி.மீ. கற்கள் தனித்தனியாகத் தெரியும்.

ரெசின் வகையையும் அவசியம் கேளுங்கள். புற ஊதாக் கதிரைத் தாங்காத ரெசின் நாளடைவில் மஞ்சளாகிவிடும். வெள்ளை, வெளிர் சாம்பல் கற்களில் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். அந்த நிறங்கள்தான் வேண்டுமென்றால் சிக்கனம் பார்க்காமல் புற ஊதாக் கதிரைத் தாங்கும் ரெசினையே வாங்குங்கள்.