ராத்திரிக்கு என்ன சம்பளம்?

(வேலை, சம்பளம், கடன் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றின் சம்பளப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா பதில் சொல்கிறார்.)

கேள்வி: நானும் கணவரும் ஐ.டி.யில் இருக்கிறோம். பையனுக்கு ஒன்பது மாதம். அடுத்த மாதம் நான் மறுபடி ஆபீஸ் போக வேண்டும். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து 46 வயது அக்கா ஒருவர் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்கிறார். காலை ஏழு முதல் இரவு எட்டு வரை பையன் அவரிடம்தான். எனக்குக் காலை ஆறரைக்கே மீட்டிங் இருப்பதால் ராத்திரியும் அவரோடு படுக்க வைக்கலாம் என்றிருக்கிறேன். அவன் தூங்கும்போது துணி மடிப்பது, காய் நறுக்குவது மாதிரி சின்ன வேலைகள். 14,000 ரூபாய் சொல்லியிருக்கிறோம். "மூணு வேளை சாப்பாடு, தங்க இடம், எண்ணெய், சோப்பு எல்லாம் நம்முது. பதினாலே ஜாஸ்தி" என்கிறார் மாமியார். எதிர் ஃப்ளாட்டில் 18,000 கொடுக்கிறார்கள். ஏஜென்சியில் கேட்டால் 24,000, தவிர ஒரு மாதச் சம்பளம் கமிஷன். பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைக்க வருபவருக்கு தினம் ஒரு மணி நேர வேலைக்கு மாதம் 3,000 கொடுக்கிறோம். எது நியாயமான தொகை?
- வாசகி, பெருங்குடி

பதில்: நீங்கள் மாசக் கணக்கில் யோசிக்கிறீர்கள். மணிக் கணக்கில் போட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை 13 மணி நேரம். குளிக்க, சாப்பிட ஒரு மணி நேரம் கழித்துவிடலாம். மிச்சம் 12. பையன் மத்தியானம் தூங்கும் நேரத்தை நான் கழிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் காய் நறுக்கச் சொல்லியிருக்கிறீர்களே! வாரம் ஒரு நாள் லீவு என்று வைத்துக்கொண்டால் மாதம் 26 நாள், 312 மணி நேரம். 14,000-ஐ அதால் வகுத்தால் மணிக்கு 45 ரூபாய். பாத்திரம் தேய்க்க வருபவருக்கு நீங்கள் கொடுப்பது, அவரும் 26 நாள் வருகிறார் என்றால், மணிக்கு 115 ரூபாய். பாத்திரத்துக்கு 115, பிள்ளைக்கு 45. இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஊரெல்லாம் இப்படித்தான் நடக்கிறது, மாசச் சம்பளமாகப் பேசுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

இன்னும் ராத்திரியை நான் தொடவே இல்லை. ஒன்பது மாதப் பிள்ளை, பல் முளைக்கிற நேரம். ஒரு தடவை பாலுக்கு, ஒரு தடவை ஈரத்துக்கு, ஒரு தடவை காரணமே இல்லாமல் எழுந்திருப்பான். எட்டு மணியிலிருந்து மறுநாள் ஏழு வரை உள்ள 11 மணி நேரத்தில் வெறும் மூன்று மணி நேரத்தை வேலை என்று எடுத்துக்கொள்வோம். அப்போது மாதம் 390 மணி நேரம், மணிக்கு 36 ரூபாய். தமிழக அரசு 2018-இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது ஆரம்பமே மணிக்கு 37 ரூபாய். அதுவே போதாது என்றுதான் அப்போது சங்கங்கள் சொன்னன. நீங்கள் இத்தனை வருஷம் கழித்து அதற்கும் ஒரு ரூபாய் கீழே நிற்கிறீர்கள். வார லீவும் கிடையாது என்றால் 31 ரூபாய்க்கு இறங்கிவிடும்.

இனி மாமியார் சொன்னதற்கு வருகிறேன். எங்கள் தொழிற்சாலையில் கேன்டீன் சாப்பாடு கொள்ளை மலிவு. 250 பேருக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் கேன்டீன் இருக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அந்தச் சாப்பாட்டைக் காட்டி யாருடைய அடிப்படைச் சம்பளத்தையும் நாங்கள் குறைத்ததில்லை. நைட் ஷிஃப்ட்காரருக்கு டீயும் பன்னும் கொடுத்தோம், அதற்குமேல் நைட் அலவன்ஸும் கொடுத்தோம். உங்கள் வீட்டுக்கு வருகிற அக்காவுக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம் சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு வீடு இருக்கும். தங்க இடமில்லாமல் அவர் பெருங்குடி வரவில்லை. ராத்திரி அவர் அங்கே இருக்க வேண்டும் என்பது உங்கள் தேவை. உங்கள் தேவைக்குக் கொடுக்கிற இடத்துக்கு அவரிடமே வாடகை பிடிப்பதா? 2011-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காக 189-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. பொருளாகக் கொடுப்பதைச் சம்பளத்தில் ஒரு சிறு பங்குக்கு மேல் கணக்கிடக் கூடாது, அதுவும் தொழிலாளியின் சொந்த உபயோகத்துக்கானதாக இருக்க வேண்டும் என்கிறது அது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. அதனால் உங்கள் மேல் யாரும் கேஸ் போடப் போவதில்லை. நியாயம் கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

அந்த "தங்க இடம்" எது என்று நீங்கள் எழுதவில்லை. என் சொந்தக்காரர் வீட்டில் பார்த்தேன். ஸ்டோர் ரூமில் வாஷிங் மெஷினுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் ஒரு பாய். சுவரில் இருக்கிற ஒரே பிளக் பாயிண்டும் மெஷினுக்கு. போன் சார்ஜ் போட அந்தம்மா ஹாலுக்கு வந்து கேட்க வேண்டும். அதைக் கணக்கில் சேர்ப்பதாக இருந்தால் சம்பளத்தைக் கூட்டத்தான் வேண்டும்.

சரி, தொகைக்கு வருவோம். ஒரு மணி நேர வேலைக்குக் கொடுக்கும் 115-ஐ அப்படியே 312 மணி நேரத்துக்குப் போட்டால் 36,000 பக்கம் போகும். அவ்வளவு கேட்க மாட்டேன். ஒரே வீட்டில் நிலையான வேலை, பஸ்ஸுக்கு அலைச்சல் இல்லை, அதற்காக மணிக்கூலி குறையலாம். ஆனால் பாதிக்குக் கீழே போகக் கூடாது என்பது என் கணக்கு. மணிக்கு 70 வைத்தால் பகலுக்கு 21,840. ராத்திரிக்குத் தனியாக நாளைக்கு 100, மாதம் 2,600. ஆக 24,440. அதாவது ஏஜென்சிக்காரர் சொன்ன தொகையில் வந்து நிற்கிறோம். ஒரு வித்தியாசம்: உங்களுக்குக் கமிஷன் மிச்சம், அந்த அக்காவுக்கு முழுப் பணமும் கையில்.

முடியவில்லை என்றால்? சம்பளத்தைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். ராத்திரி பையனை நீங்களும் கணவரும் வைத்துக்கொள்ளுங்கள். (உங்கள் கடிதத்தில் கணவருக்குக் காலை மீட்டிங் இருப்பதாகத் தெரியவில்லையே!) காலை ஏழரைக்கு அந்த அக்காவிடம் கொடுத்து மாலை ஆறரைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். மத்தியானம் அவன் தூங்கும் இரண்டு மணி நேரம் நிஜமாகவே அவருடைய நேரம், காய் நறுக்கல் எல்லாம் கிடையாது. இப்போது நாளைக்கு ஒன்பது மணி நேரம், மாதம் 234. அதே 70 ரூபாய்க்கு 16,380, 17,000 என்று வையுங்கள். எதிர் ஃப்ளாட்டின் 18,000-ஐ இதோடுதான் ஒப்பிட வேண்டும். அங்கே குழந்தை ராத்திரி யாரோடு தூங்குகிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் அந்தத் தொகையைச் சொல்லுங்கள்.

லீவு விஷயத்தை அவரிடமே கேளுங்கள். ஞாயிறு ஒரு நாளில் கள்ளக்குறிச்சி போய்த் திரும்ப முடியாது. பெருங்குடியிலிருந்து கிளாம்பாக்கம் போவதற்கே பொழுது போய்விடும், அங்கிருந்து பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரம். இப்படித் தூரத்து ஊர்க்காரர்கள் பலரும் நாலு ஞாயிற்றையும் சேர்த்து மாசத்துக்கு ஒரு தடவை நாலு நாள் போகிறேன் என்பார்கள். கொடுங்கள், சம்பளம் பிடிக்காமல். அந்த நாலு நாளுக்கு நீங்கள் இருவரும் மாற்றி மாற்றி லீவு போடத் தயாரா என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பஸ் காசும் நீங்கள் கொடுப்பதுதான் மரியாதை. மகளிர் இலவசப் பயணம் இந்தத் தூரத்து பஸ்ஸுக்குச் செல்லாது.

தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், பன்னிரண்டில் ஒரு பங்கு. வீடுகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது, ஆனால் அளவுகோல் கைவசம் இருக்கும்போது புதிதாக எதற்கு யோசிக்க வேண்டும்? சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள். அதே கணக்கிலிருந்து வருஷம் 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடும், 436 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடும் எடுக்கலாம், ஒவ்வொன்றும் 2 லட்சம். ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர வேண்டும், அவருக்கு 46. அந்த 456 ரூபாயை நீங்களே கட்டிவிடுங்கள். அட்வான்ஸ் கேட்பார், கட்டாயம் கேட்பார், ஜூன் மாதத்தில் பள்ளிக்கூட ஃபீஸுக்கு. கொடுத்தால் மாதம் 2,000-க்கு மேல் பிடிக்காதீர்கள், இரண்டு நோட்டில் எழுதி ஒன்றை அவரிடம் கொடுங்கள். ஆதார் ஒரிஜினலை வாங்கிப் பீரோவில் வைக்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. அது வேண்டாம், ஒரு நகல் போதும்.

மாமியாரிடம் இந்தக் கணக்கையெல்லாம் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். அக்கா வருவதற்கு முன்னால் இரண்டு ராத்திரி பேரனை அவரோடு படுக்க வையுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். கூடமாட ஒத்தாசைக்கு எங்கள் ஊரிலிருந்து 13 வயதுப் பெண் ஒருத்தியை அனுப்பலாம் என்று இருக்கிறோம். வேலைக்காரியாக இல்லை, வீட்டுப் பிள்ளை மாதிரி. படிப்புச் செலவையும் ஏற்போம். அவள் பெற்றோருக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது முறை?
- வாசகர், தாம்பரம்

பதில்: ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம், அந்தப் பெண்ணை அனுப்பவும் வேண்டாம். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. இப்போதைய தண்டனை ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். பக்கத்து வீட்டுக்காரர் 1098-க்கு ஒரு போன் போட்டால் போதும். படிப்புச் செலவை ஏற்க மனமிருந்தால் அவள் ஊரிலேயே படிக்க ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். அம்மா சென்னையில் ஒரு வீட்டில் தங்கிக் குழந்தை பார்த்துக்கொள்கிறார். சேர்ந்தபோது பேசிய சம்பளம் 12,000. இப்போது அந்த வீட்டில் இரண்டாவது குழந்தையும் பிறந்துவிட்டது, சம்பளம் அதேதான். நல்லவர்கள், அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'அக்கா' என்றுதான். அதனாலேயே அம்மா கேட்கக் கூச்சப்படுகிறார். நான் போன் போட்டுப் பேசட்டுமா?
- மாணவி, விருத்தாசலம்

பதில்: நீ பேசாதே. நீ பேசினால், நாளைக்கு அவர்களுக்கு ஏதாவது கோபம் என்றால் "உங்க பொண்ணு அன்னிக்கு என்ன பேசினா தெரியுமா" என்று ஆரம்பிக்கும், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கப் போவது அம்மாதான். அம்மாவே பேசட்டும், நீ போனில் ஒத்திகை பார்த்துக் கொடு.

சம்பளம் கொடுக்கிற நாளில் கேட்கக் கூடாது. அன்றைக்கு எண்ணி வைத்த பணம் கையில் இருக்கும், மாற்ற மாட்டார்கள். 20 தேதி வாக்கில், இரண்டு பிள்ளைகளும் தூங்கின பிறகு, அந்த வீட்டம்மாவிடம் தனியாக. தொகையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "நீங்களா பார்த்துப் போட்டுக் குடுங்க" என்று விட்டால் ஐநூறு ரூபாயும் ஒரு புடவையும் வரும். இப்படிச் சொல்லலாம்: "அம்மா, பெரிய பாப்பா மட்டும் இருந்தப்போ பேசின சம்பளம் இது. இப்ப சின்னவரும் வந்தாச்சு, ராத்திரியும் எழுந்திருக்க வேண்டியிருக்கு. அடுத்த மாசத்திலேருந்து இருபது வேணும்." சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். "முடியலன்னா பரவாயில்ல" என்று அவரே பின்னால் சேர்த்துவிடப் போகிறார், அதைத்தான் நீ முக்கியமாகத் தடுக்க வேண்டும். 18,000-க்கு வந்து நின்றால் சம்மதிக்கலாம், வருஷா வருஷம் ஏற்றித் தருவதாகப் பேசிக்கொண்டு. 15,000-க்கு மேல் முடியாது என்றால் ராத்திரி சின்னக் குழந்தை அதன் அம்மாவோடு தூங்கட்டும் என்று கேட்கலாம். வேறு வீடு கையில் இல்லாமல் "நான் போறேன்" என்ற பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. 2007-இலிருந்து தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு, கல்லூரிப் படிப்புக்கும் சேர்த்து. அம்மா பதிவு செய்திருக்கிறாரா என்று இன்றைக்கு ராத்திரி போனில் கேள். இல்லையென்றால் அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு நீயே கூட்டிக்கொண்டு போ.