பீடித் தட்டும் செயின் வண்டியும்

கேள்வி: முக்கூடலில் பீடி சுற்றும் பெண் விடிந்ததிலிருந்து இரவு வரை தலை நிமிராமல் உழைக்கிறாள். ஆனாலும் அமெரிக்கத் தொழிலாளியின் உற்பத்தித் திறன்தான் பல மடங்கு என்கிறார்கள். நம்மவர்களுக்குச் சுறுசுறுப்பு போதாதா?
- வாசகர் ஒருவர், கல்லிடைக்குறிச்சி

பதில்: அந்தப் பெண்ணின் பக்கத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், பிறகு சுறுசுறுப்பைப் பற்றிப் பேசலாம். மடியில் தட்டு. ஊறிய இலையைத் தகடு வைத்துக் கத்தரியால் ஒரு வெட்டு, ஒரு சிட்டிகை தூள், ஒரு சுருட்டு, நுனியை மடக்கி நூலால் ஒரு கட்டு. கண் சீரியலில் இருக்கும், விரல் நிற்காது. அவளுக்கு வாய்த்த முதலீடு கத்தரியும் தகரத் துண்டும்தான். கூலி மலிவாக இருக்கும்வரை மெஷினுக்குக் காசு போட எந்த முதலாளிக்கும் அவசரமில்லை.

அதே ஊரில் பிசான நெல் அறுவடையைப் பாருங்கள். முன்பு ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து பேர் அரிவாளோடு இறங்குவார்கள். ஆள் கிடைப்பது குறைந்தது, கூலி ஏறியது, அறுப்பு மெஷின் வந்தது. இன்று சேற்று வயலில் செயின் வண்டி, அதாவது டயருக்குப் பதில் செயின் பட்டையில் ஓடும் அறுப்பு மெஷின், ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறது. ஓட்டுகிறவர் நம்ம ஆள்தான்!

சரி, மெஷின் இருந்தால் போதுமா? போதாது. 1910 வாக்கில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பஞ்சாலையில் ஒருவர் பார்த்த வேலைக்கு நம் ஆலைகளில் கிட்டத்தட்ட 6 பேர் தேவைப்பட்டார்கள் என்று பொருளாதார வரலாற்று ஆய்வாளர் கிரிகரி கிளார்க் கணக்குக் காட்டினார். மெஷினில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஏன்? அதில் ஆய்வாளர்களிடையே சண்டை இன்னும் ஓயவில்லை. நான் நிர்வாகத்தைத்தான் முதலில் கேட்பேன். மும்பைப் பக்கத்துத் துணி ஆலைகள் சிலவற்றில் ஆய்வாளர்கள் சோதனையாகக் கிடங்கை ஒழுங்காக அடுக்கி, தறிப் பழுதை நோட்டில் எழுதி, தரையைக் கூட்டி வைத்துப் பார்த்தார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. தறியும் அதே தறி, ஆளும் அதே ஆள்.

மலிவான கூலியைத் தேடிப் பணம் ஓடி வரும் என்பதும் பாதிக் கதைதான். பாடப்புத்தகச் சூத்திரப்படி, கூடுதலாகப் போடும் முதலீட்டுக்கு அமெரிக்காவைப் போல 58 மடங்கு பலன் இந்தியாவில் கிடைக்க வேண்டும் என்று 1990-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் லூகாஸ் கணக்குப் போட்டு, அப்படியானால் பணம் ஏன் இங்கே கொட்டவில்லை என்று கேட்டார். கூலி எங்கேதான் மலிவில்லை? பிரிட்டிஷ்காரர்களான ஹார்வி சகோதரர்கள் 1880களில் பஞ்சாலை வைக்கப் பாபநாசத்தைப் பிடித்தது, தாமிரபரணி அருவி மெஷினைச் சும்மா சுற்றித் தரும் என்பதற்காக.