கத்திரி வெயிலில் சீதளி செய்தால் உடம்பு குளிருமா?

கேள்வி: எனக்கு 54 வயது. வேலூரில் இருக்கிறோம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், அதில் ஒன்று நீர் மாத்திரை. தினமும் காலை ஏழரைக்கு மொட்டை மாடியில் 12 சூரிய நமஸ்காரம், பிறகு கபாலபாதி (மூச்சை வேகமாக, விட்டு விட்டு வெளியே தள்ளும் பயிற்சி). கத்திரி தொடங்கியதிலிருந்து முடித்து எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. நாக்கைக் குழாய்போல் மடித்து மூச்சை உள்ளே இழுக்கும் சீதளி பிராணாயாமம் செய்தால் சூடு தணியும் என்கிறார்கள். எனக்கோ நாக்கு மடங்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் மாடியை விட்டு இறங்குங்கள். வேலூர் மே மாதத்தில் ஏழரைக்கே வெயில் உறைக்கும். முந்தின நாள் குடித்த சூட்டைத் தளமும் முழுசாக விட்டிருக்காது. ஐந்தரை, ஆறு மணிக்கு, வீட்டுக்குள், ஃபேனுக்குக் கீழே செய்யுங்கள்.

கண் இருட்டுவதற்கு யோகாவை மட்டும் குறை சொல்ல முடியாது. வெயிலில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வையில் நீர் போகிறது, நீர் மாத்திரை இன்னும் கொஞ்சம் வெளியேற்றுகிறது. அந்த நிலையில் குனிந்து நிமிர்ந்து 12 சுற்று போட்டால், எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம்.

சரி, சீதளிக்கு வருவோம். ஈர நாக்கின் மேல் காற்று போகும்போது ஈரம் ஆவியாகி வாய் ஜில்லென்று ஆகும். ஆனால் உடம்பின் சூட்டை இறக்குவது பெரும்பாலும் வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போகும். நாக்கின் ஈரம் அதன் பக்கத்தில்கூட வராது. சீதளியின் பலன் வேறு. மூச்சை மெதுவாக, நீளமாக விடும்போது நாடித் துடிப்பு நிதானப்படும். வெயில் நேரத்து எரிச்சலும் படபடப்பும் அடங்கும். அதற்காகவே செய்யலாம்.

நாக்கு மடங்காதவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு சீத்காரி இருக்கிறது. பற்களை லேசாகச் சேர்த்து, உதட்டை விரித்து, 'ஸ்ஸ்' என்று மூச்சை உள்ளே இழுங்கள். பச்சை மிளகாயைக் கடித்துவிட்டால் யாரும் சொல்லித்தராமலே செய்வோமே, அதேதான்! பிறகு வாயை மூடி, மூக்கு வழியாக மெதுவாக விடுங்கள். பத்து முறை போதும். மூச்சை உள்ளே அடக்க வேண்டாம், ரத்த அழுத்தக்காரர்களுக்கு அது ஆகாது. வாய் வழியே இழுக்கும் காற்றை மூக்கு வடிகட்டாது என்பதால், தூசி இருக்கும் இடத்தில் வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் இதையே விட்டுவிடுங்கள்.

கபாலபாதியை நிறுத்துங்கள். உங்கள் ரத்த அழுத்தத்துக்கு அது எந்தப் பருவத்திலும் ஏற்றதில்லை. சூரிய நமஸ்காரம் நான்கு சுற்று, நிதானமாக. அரை மணி முன்பு ஒரு டம்ளர் தண்ணீர். முடித்தபின் நீர்மோர், உப்பை அள்ளிப் போடாமல். கடைசியில் மல்லாந்து படுக்கும் சவாசனத்திலிருந்து ஒருக்களித்து, ஒரு நிமிடம் உட்கார்ந்து, அப்புறம் எழுங்கள்.

யாருக்காவது வெயிலில் பேச்சு குழறி, புத்தி தடுமாறி, உடம்பு கொதித்தால் அங்கே பிராணாயாமத்துக்கு வேலையில்லை. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு வாரம், உட்கார்ந்தபடி ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்து ஒருமுறை என்று ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வையுங்கள். உட்கார்ந்தபோது இருந்ததைவிட நின்றபோது மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் வாரம் முடியும்வரை காத்திருக்காமல் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவைக் குறைப்பதா, வேறு மாற்றுவதா என்று அவர் பார்த்துச் சொல்வார்.