கேளுங்கள், மிஸ் பதில் சொல்கிறார்

மலையக வைத்தியசாலைகளில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்ற மிஸ், இந்த இதழில் வீட்டில் ஏற்படும் காயங்கள் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

அன்புள்ள மிஸ், என் கணவருக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை. போன மாதம் வாசல் இஸ்தோப்பில் (திண்ணையில்) உட்கார்ந்து கத்தி தீட்டும்போது கை வழுக்கி, முன்கையில் ஆழமாக வெட்டிவிட்டது. பக்கத்துக் காம்பரா அக்கா கோப்பித் தூளை அள்ளி வைத்து, சேலைத் துண்டால் கட்டினார். இரத்தம் நிற்கவே இல்லை. லொறி பிடித்து வைத்தியசாலை போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. இப்போது நல்லாயிருக்கிறார். ஆனால் எனக்குப் பயம் விடவில்லை. இன்னொரு முறை நடந்தால் என்ன செய்வது?
– வாசகி, மஸ்கெலியா

தங்கச்சி, அவர் சுகமாகிவிட்டார் என்று வாசித்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த அக்கா நல்ல மனதோடு ஓடி வந்தவர், அவரைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் கோப்பித் தூள், தேயிலைத் தூள், சுண்ணாம்பு, சீனி எதுவும் வெட்டுக் காயத்துக்கு வேண்டாம். தூள் மேலே பொருக்கு மாதிரிப் பிடித்துக்கொள்ளும், அடியில் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் தையல் போடுவதற்கு முன்னால் அந்தத் தூளை ஒவ்வொரு துணுக்காகக் கழுவி எடுக்க வேண்டும். அந்த நேரம் நோயாளி படும் பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

இரத்தத்தை நிறுத்துவது அழுத்தம். அதைச் சரியாகக் கொடுக்கத் தெரிய வேண்டும். பெரிய துவாயை உருட்டி மேலே வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். துவாய் இரத்தத்தைக் குடிக்கும், எவ்வளவு போகிறது என்பதையும் மறைத்துவிடும், உங்கள் கையின் பலத்தையும் பரப்பிவிடும். சுத்தமான பருத்தித் துணியைக் காயத்தின் அளவுக்குச் சின்னதாக மடியுங்கள். இரத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறதோ, சரியாக அந்த இடத்தில் வையுங்கள். ஆளைத் தரையில் படுக்க வையுங்கள். மெத்தையில் வேண்டாம், நீங்கள் அழுத்த அழுத்த மெத்தை கீழே போகும். ஒரு உள்ளங்கைக்கு மேல் மற்றக் கையை வைத்து, முழங்கையை நீட்டி, உங்கள் உடம்புப் பாரம் முழுவதும் இறங்கும்படி அழுத்துங்கள். குறைந்தது பத்து நிமிடம் கையை எடுக்கவே கூடாது. "நின்றிட்டுதா" என்று தூக்கிப் பார்த்தால், உறையத் தொடங்கிய இரத்தம் பிய்ந்து மறுபடியும் முதலிலிருந்து. துணி நனைந்துவிட்டால் அதற்கு மேலே இன்னொன்றை வைத்து, இன்னும் பலமாக அழுத்துங்கள்.

வெட்டு ஆழமாக வாய் திறந்திருந்தால், மேலே அழுத்துவது மட்டும் போதாது. துணியைக் கீறிப் பட்டியாக்கி, விரலால் காயத்துக்குள்ளேயே அடிவரை திணித்து நிரப்பி, அதன் மேல் அழுத்த வேண்டும். கவட்டிலும் அக்குளிலும் கட்டுப் போட முடியாது, அங்கே இதுதான் வழி. நெஞ்சிலும் வயிற்றிலும் மட்டும் எதையும் திணிக்கக் கூடாது. கம்பியோ மூங்கில் சிராயோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அதுவே அடைப்பாக நிற்கும். இரண்டு பக்கமும் துணி வைத்து, அசையாமல் கட்டி, அப்படியே கொண்டு போங்கள்.

எது உயிருக்கு ஆபத்தான இரத்தம்? பீய்ச்சி அடிக்கும், தரையில் குளமாகத் தேங்கும், துணி மேல் துணி வைத்தாலும் ஊறிக்கொண்டே வரும். வளர்ந்த ஆளின் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம்தான் இருக்கிறது. கையிலோ காலிலோ அப்படிப் போய், அழுத்தியும் நிற்காவிட்டால், இறுக்குக் கட்டுப் போட வேண்டும். காயத்துக்கு மேலே, நெஞ்சுப் பக்கமாக, இரண்டு மூன்று அங்குலம் தள்ளி. முழங்கை, முழங்கால் மூட்டின் மேல் வேண்டாம். கயிறும் வயரும் தசையை அறுக்கும். இரண்டு அங்குல அகலத்துக்கு மடித்த உறுதியான துணி வேண்டும். வெறும் கையால் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் போதாது, உங்கள் அக்கா கட்டிய சேலைத் துண்டு நிற்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். முடிச்சின் மேல் உறுதியான ஒரு தடியை வைத்து, மறுபடி முடிந்து, இரத்தம் நிற்கும்வரை தடியை முறுக்கி, தடி திரும்பாதபடி கட்டிவிடுங்கள். அடுப்படியில் விறகுக்குக் கிடக்கும் மிலாறுக் குச்சி உடைந்துவிடும், அகப்பைக் காம்பு நல்லது. கடுமையாக வலிக்கும். வலிக்கிறது என்று தளர்த்தாதீர்கள். கட்டிய நேரத்தைப் பேனாவால் நெற்றியில் எழுதுங்கள். அவிழ்ப்பது வைத்தியரின் வேலை. இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்தால் கைகாலுக்குக் கேடு வருவது குறைவு.

நம் மலைநாட்டுக்காரர் மறக்கக் கூடாத இன்னொன்று குளிர். உடம்பு குளிர்ந்தால் இரத்தம் சரியாக உறையாது. ஈரச் சட்டையைக் கழற்றி, கம்பளி போர்த்துங்கள். முதுகுக்குக் கீழேயும் ஒன்று போடுங்கள், சீமெந்துத் தரை சூட்டை இழுத்துவிடும். தாகம் என்று கேட்பார். சாயத் தண்ணி கொடுக்காதீர்கள், சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வரலாம். உதட்டை நனைத்தால் போதும். டெட்டனஸ் வராமல் போடும் ஏற்பூசி பற்றி வைத்தியசாலையில் கேளுங்கள்.

மிஸ், அம்புலன்ஸுக்கு 1990 என்ற நம்பருக்கு அடித்தால் எங்கள் தோட்ட லயத்துக்கு வருவார்களா? எங்கள் டிவிஷனுக்கு நல்ல பாதை இல்லை.
– வாசகர், பொகவந்தலாவை

அடியுங்கள் தம்பி, தயங்க வேண்டாம். 'சுவசெரிய' என்ற அந்த அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதும் வந்துவிட்டது. காசு கிடையாது. தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். டிவிஷன், எந்தப் பிரதான வீதியிலிருந்து பிரிகிறது, கோயிலோ தொழிற்சாலையோ பாலமோ எது அடையாளம் என்று சொல்லுங்கள். ஒரு பையனை டோர்ச் லைட்டோடு சந்திக்கு அனுப்புங்கள். பாதை உடைந்து வாகனம் ஏற முடியாவிட்டால், எந்த இடம்வரை வர முடியும் என்று அப்போதே சொல்லி, ஆளை அங்கே கொண்டு வாருங்கள். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். பதறும் நேரத்தில் சொந்த டிவிஷனின் பெயரே வாயில் வராது.

என் மூன்று வயது மகள் மேல் கேத்தல் தண்ணீர் கொட்டிவிட்டது. மாமியார் பற்பசை பூசினார். தண்ணீர் ஊற்றினால் கொப்புளம் போடும் என்கிறார்கள். எது சரி?
– வாசகி, பண்டாரவளை

தண்ணீர்தான் சரி, தங்கச்சி. பைப்பிலிருந்து ஓடும் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் விடுங்கள். 20 நிமிடம் என்பது அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு மிக நீளமான நேரம், ஆகவே மணிக்கூட்டைப் பாருங்கள். உடனே செய்ய முடியாமல் போனாலும், மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தால் பலன் உண்டு. பற்பசையும் வெண்ணெயும் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். ஐஸ் கட்டி தோலை இன்னும் கெடுக்கும்.

உங்கள் ஊர்க் குளிரில் ஒன்றைக் கவனியுங்கள். காயத்தை மட்டும் குளிர வையுங்கள், பிள்ளையை அல்ல. முழுவதுமாக நனைத்தால் சின்ன உடம்பு விறைத்துப் போகும். மற்ற இடங்களைத் துவாயால் சுற்றிக்கொள்ளுங்கள். காப்பு, கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியை இழுக்காமல் சுற்றிவர வெட்டிவிடுங்கள். பிறகு சோறு சுற்றும் புதிய லஞ்ச் சீட் ஒன்றைக் காயத்தின் மேல் விரித்து மூடுங்கள், இறுக்கிச் சுற்ற வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். முகம், கை, மூட்டு, மறைவிடம் என்றாலோ, பிள்ளையின் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தாலோ வைத்தியசாலைக்குத்தான். சின்னப் பிள்ளைக்குக் கொப்புளம் போட்டாலே காட்டிவிடுவது என் வழக்கம். மாமியாரிடம் கோபிக்காதீர்கள், அவருக்கும் இதைக் காட்டிக் கொடுங்கள். நீங்கள் மலைக்கு வேலைக்குப் போனால் பிள்ளையோடு இருப்பவர் அவர்தானே.

கூரைத் தகரம் மாற்ற ஏறிய அண்ணன் விழுந்தார். நாங்கள் போர்வையில் போட்டுத் தூக்கினோம். அது பிழை என்கிறார்கள்.
– வாசகர், தலவாக்கலை

உயரத்திலிருந்து விழுந்தவரை உட்கார வைக்கவோ, தொட்டில் மாதிரித் தொங்கும் போர்வையில் தூக்கவோ கூடாது. முதுகெலும்பு வளைந்தால் கைகால் நிரந்தரமாகப் போகலாம். மூச்சு விடுகிறாரா, இரத்தம் போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒருவர் தலைமாட்டில் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடிக்கட்டும். அம்புலன்ஸ் வரும் என்றால் அப்படியே காத்திருங்கள். வாந்தி எடுத்தால் மட்டும் தலை, தோள், இடுப்பு ஒன்றாகத் திரும்பும்படி பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். வேறு வழியே இல்லை, தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கதவுப் பலகையைக் கழற்றி எடுங்கள். தலையைப் பிடித்தவர் சொல்லும் சொல்லுக்கு எல்லாரும் ஒன்றாகத் தூக்க வேண்டும்.

எங்கள் இளைஞர் மன்றத்தில் இதையெல்லாம் படிக்க ஆசை. எங்கே படிக்கலாம்?
– வாசகர், டிக்கோயா

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. இலங்கை செஞ்சிலுவைச் சங்கமும் சென் ஜோன் அம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துகிறார்கள். மன்றத்தின் பெயரில் கடிதம் எழுதிக் கேளுங்கள், தமிழில் சொல்லிக் கொடுப்பவர் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துக்கார ஐயாவிடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். இரத்தம் நிறுத்துவதைப் பொதுமக்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2015இல் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அவர்களின் பாடமும் அழுத்து, திணி, கட்டு என்பதுதான்.

சான்றிதழோடு நிறுத்திவிடாதீர்கள். பழைய மெத்தைப் பஞ்சில் ஆழமாக ஒரு கீறல் போட்டு, துணிப் பட்டியை விரலால் அடிவரை திணித்துப் பழகுங்கள். முதல் தடவை பாதித் துணி வெளியிலேயே நிற்கும். கண்ணை மூடிக்கொண்டும் செய்து பாருங்கள், லயத்தில் கரண்ட் போன இரவிலும் காயம் வரும். இறுக்குக் கட்டை ஒருவர் மேல் ஒருவர் முறுக்கிப் பார்க்க வேண்டாம், சுருட்டிய சாக்கில் பழகுங்கள். பெண்களையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை செய்பவர் முதல் ஆளாக வரட்டும்.

முதலுதவிப் பெட்டியில் என்ன வைப்பது? விரல் துண்டாகிப் போனால் என்ன செய்வது?
– வாசகி, நானுஓயா

கோஸ் துணி, அகலமான பண்டேஜ், துவைத்து வெயிலில் காயவைத்த பருத்திச் சேலைத் துண்டுகள், கத்தரிக்கோல், கையுறை, பேனா, டோர்ச், புதிய லஞ்ச் சீட். முறுக்குத் தடியையும் அகலத் துணியையும் ஒன்றாகச் சுருட்டி வையுங்கள். கையுறை இல்லாவிட்டால் சுத்தமான பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளலாம்.

துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேரே ஐஸில் பட்டால் கெட்டுவிடும். ஐஸ் கிடைக்காவிட்டால் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரே நன்றாகக் குளிர்ந்திருக்கும். முதலில் கையின் இரத்தத்தை நிறுத்துங்கள், விரலைத் தேடுவதை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பெட்டிக்குப் பூட்டு வேண்டாம். இஸ்தோப்பில் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டி, பக்கத்துக் காம்பராக்காரரிடமும் இடத்தைச் சொல்லி வையுங்கள்.