யூத நண்பர் வீட்டுத் துக்கத்துக்குப் போகலாமா? அங்கே எப்படி நடந்துகொள்வது?

தாராளமாகப் போங்கள். நீங்கள் அமெரிக்காவில் ஐடி வேலை, கூட வேலை செய்பவரின் அம்மாவோ அப்பாவோ தவறிவிட்டார், பூங்கொத்து வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள் என நினைக்கிறேன். பூ வேண்டாம். சாப்பாடு கொண்டு போங்கள். கோஷர் (யூத உணவு விதி) பார்க்கும் வீடா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் ஹைஃபாவில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். (இஸ்ரேல் என்றதும் அரசியலை இழுப்பவர்கள் வேறு பதிலுக்குப் போகலாம். நான் பேசுவது சாவு வீட்டைப் பற்றி மட்டும்.) பாட்டி இறந்தது பெசாக், அதாவது யூதர்களின் பஸ்கா பண்டிகை நெருங்கும்போது. பெட்டி கிடையாது, வெள்ளைத் துணியில் சுற்றி அன்றே அடக்கம். சட்டையைக் கிழித்துக்கொண்ட பிள்ளைகள் வீட்டுக்கு வந்து தாழ்வான நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். முதல் சாப்பாடு வெளியாள் கொடுத்ததாக இருக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டம்மா அவித்த முட்டையும் பருப்பும் கொண்டுவந்தார். துக்கம் காப்பவர்கள் சொல்லும் கதீஷ் ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்று மாடிவீட்டுக்காரர்களைக்கூடக் கூப்பிட்டார்கள்.

அப்புறம் பெசாக் வந்தது. ஏழு நாள் துக்கமான ஷிவாவின் நடுவில் இப்படிப் பண்டிகை வந்தால் ஷிவா அத்தோடு சரி, மிச்ச நாட்களை அப்புறம் சேர்த்து உட்காரவும் முடியாது. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் தீபாவளியே கிடையாது என்று வளர்ந்தவள் நான். பாட்டியின் மகன் கத்தித் தீர்த்தார். மூத்த மகள் ஒன்றும் பேசாமல் மேசை விரிப்பை எடுத்து விரித்தார். எனக்கும் அன்று கோபம்தான். ஊரே கொண்டாடும் நாளில் தனி வீட்டுத் துக்கம் ஒதுங்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஆனால் ஊர்த் துக்கத்திலும் அந்த வீட்டைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வந்தவர்கள் கிளம்பும்போது, சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படும் மற்றவர்களோடு உங்களையும் ஆண்டவர் தேற்றட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கி.பி. 70இல் ரோமர்கள் இடித்த எருசலேம் ஆலயத்துக்காக இன்றைக்கும் யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் பட்டினி கிடந்து, தரையில் உட்கார்ந்து வேதத்தில் உள்ள புலம்பல் நூலை வாசிப்பவர்கள் ஆயிற்றே.

துக்கம் காக்க வேண்டியவர்கள் கணக்கில் நான் இல்லை. அது பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவிக்குத்தான், புரிகிறது. ஆனால் ஏஜென்சிக்காரர் அடக்கம் முடிந்த இரவே ஃபோன் போட்டு, "அடுத்த வீடு ரெடி, எப்ப வர்றே?" என்றாரே, அவரை என்ன சொல்ல? நகையை அடகு வைத்து வந்தவள் எதிர்த்துப் பேச மாட்டாள் என்ற தைரியம்.

சரி, உங்கள் விஷயம். கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கும், மணி அடிக்க வேண்டாம். ஷலோம் என்று வணக்கம்கூடச் சொல்லாதீர்கள். அவர்கள் பேச ஆரம்பிக்கும்வரை சும்மா உட்காருங்கள். வெள்ளி மாலையிலிருந்து சனி இருட்டும்வரை போக வேண்டாம், ஓய்வுநாளில் வெளிப்படையாகத் துக்கம் காப்பதில்லை.