கிளட்ச் பிளேட் மட்டும் மாத்தினா போதாதா, செட்டாவே மாத்தணுமா?

ஆல்டோ, 40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஏத்தத்துல எஞ்சின் இரையுது வண்டி ஏறல, மெக்கானிக் செட்டா மாத்தணும்னு சொல்றான், பிளேட் மட்டும் போதாதா, ஏமாத்துறானான்னு கேட்டிருக்கீங்க. அந்த "ஏமாத்துறானா"தான் என்னைய எழுத வச்சுது. தக்கலை பக்கம் சின்னதா ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், அதனால ஒருபக்கமாத்தான் பேசுவேன்னு நினைச்சா நினைச்சுக்கிடுங்க.

செட்டு மாத்தச் சொன்னது தப்பில்ல. செட்டுன்னா மூணு சாமான்: எஞ்சின் சுத்துறத கியர்பாக்ஸுக்குக் கடத்துற பிளேட், அத அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட், பெடல மிதிச்சா அந்தப் பிடிய விடுவிக்கிற ரிலீஸ் பேரிங். இதுல எது மாத்தினாலும் கியர்பாக்ஸ இறக்கித்தான் ஆகணும், கூலி ஒண்ணுதான். பிளேட் மட்டும் போட்டுட்டு நாலு மாசத்துல பேரிங் கத்த ஆரம்பிச்சா மறுபடி முழு கூலியும் நீங்கதான் குடுக்கணும். ஆனா செட்டா சில்லறையாங்கறது ரெண்டாவது கேள்வி. 40,000-த்துல ஏன் போச்சுன்னு அவர் சொன்னாரா? அத முதல்ல கேளுங்க.

எங்க கடைக்கு ஒரு டீச்சர் வந்தாங்க, குலசேகரம் பக்கம், அவங்களுக்கும் ஆல்டோதான். வேற ஒரு இடத்துல பிளேட் மாத்தி கொஞ்ச மாசந்தான் ஆகுது, திரும்பவும் ஸ்லிப், அதாவது பிளேட் வழுக்குது, எஞ்சின் இரைஞ்சாலும் வண்டி இழுக்கல. அங்க போய்க் கேட்டதுக்கு "நீங்க பெடல்ல கால வச்சே ஓட்டுறீங்க, லேடீஸ் எல்லாரும் அப்படித்தான்"னு சொல்லி விட்டுட்டாவ. அந்த பேச்சுதான் அவங்களுக்கு ஆத்திரம், பைசா போனதுகூட இல்ல. "அண்ணே, நான் இருபது வருசமா ஓட்டுறேன், என் காலு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா"ன்னாங்க.

நான் முதல்ல பெடல்லேருந்து கிளட்சுக்குப் போற கேபிளத்தான் பாத்தேன். பிளேட் தேயத் தேய பெடல் மேல ஏறும், ப்ளே, அதாவது கிளட்ச்ல பிடிக்கறதுக்கு முன்னால பெடல்ல இருக்க சும்மா ஆட்டம், குறையும், ப்ளே சுத்தமா இல்லன்னா பேரிங் எப்பவும் அமுங்கியே கெடக்கும், அப்போ நல்ல பிளேட்டும் ஸ்லிப் ஆகும். அந்த வண்டியில ப்ளே சரியா இருந்துது. சமதளத்துல ஹேண்ட்பிரேக் போட்டு மூணாவது கியர்ல பைய கிளட்ச விட்டேன். எஞ்சின் ஆஃப் ஆகணும், ஆகல, இரைஞ்சுட்டே நிக்கு. இத நீங்களும் செஞ்சு பாக்கலாம், முன்னால ஆள் நிக்காம, ஒரே ஒரு தடவை, திரும்பத் திரும்ப செஞ்சா மிச்சம் இருக்கதும் கருகிரும்.

கியர்பாக்ஸ இறக்கினா பெல் ஹவுசிங், அதாவது கிளட்ச மூடியிருக்க கூடு, உள்ள ஈரம். பிளேட்டுல லைனிங் ரிவிட்டுக்கு மேல நல்லாவே இருக்கு, ஆனா கறுத்து மினுமினுன்னு கெடக்கு. அந்த எண்ணெய விரல்ல தொட்டு மோந்து பாத்தேன். கியர் ஆயில்னா கந்தக நாத்தம் மூக்குல ஏறும், அப்போ கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டுல எண்ணெய் வெளிய வராம அடைக்கிற சீல் போயிருக்கும். இதுல அந்த நாத்தம் இல்ல, எஞ்சின் ஆயில். பிளேட் ஒட்டிப் பிடிக்கிற எஞ்சின் பக்கத்துச் சக்கரம், ஃப்ளைவீல், அத கழத்தினா பின்னால கிராங்க் ஷாஃப்ட் சீல் உதடு கல்லு மாதிரி இறுகிப் போய் நிக்கு, அதுவழியா எண்ணெய் கசிஞ்சு பிளேட்டுல பட்டிருக்கு. முன்னால பிளேட் மாத்தினவன் ஃப்ளைவீல கழத்தவே இல்ல. சீல் மாத்தி, ஃப்ளைவீல்ல நீல நீலமா சூட்டுத் தழும்பு இருந்ததால லேத்துல முகத்தச் சமமா கடைஞ்சு, புது செட் போட்டேன். டீச்சர் அந்தப் பழைய சீல பேப்பர்ல பொதிஞ்சு ஹேண்ட்பேக்ல வச்சாங்க. எதுக்குன்னு கேட்டேன், அந்தக் கடையில கொண்டு காட்டணுமாம்.

உடனே "அப்போ எல்லா ஆல்டோவுக்கும் சீல் பிரச்சினையா"ன்னு கமெண்ட்ல வராதீங்க, நான் அப்படிச் சொல்லல. கால பெடல்லயே வச்சு ஓட்டுறவங்களும் உண்டு, பேச்சிப்பாறை பக்கம் ஏத்தத்துல ஹேண்ட்பிரேக் போடாம அரை கிளட்ச்லயே வண்டிய நிறுத்தி வச்சுட்டு போன் பேசுறவங்களையும் பாத்திருக்கேன். ஆனா எங்க ஊர்ல கிளட்ச் சீக்கிரம் போறதுக்கு ஓட்டுறவன மட்டும் எப்படிக் குத்தம் சொல்ல? கேரளாவுக்கு கல்லும் ஜல்லியும் ஏத்திட்டு ராத்திரி பகல்னு இல்லாம டாரஸ் லாரி போவுது, ரோடு பூரா குழி, நாகர்கோவில்லேருந்து களியக்காவிளை வரைக்கும் முதல் கியர் ரெண்டாவது கியர்தான். மார்த்தாண்டத்துல மேல பாலம் கட்டியும் கீழ மார்க்கெட் கிட்ட ஊர்ந்துதான் போகணும். எங்க மலைய ஒடச்சு அவனுக்குக் குடுத்து, எங்க ரோட்டயும் ஒடச்சு, கடைசியில கிளட்ச் செலவும் எங்க தலையில. கேட்டா வளர்ச்சியாம். சரி விடுங்க, சொன்னா வேற பக்கம் போயிரும்.

உங்க வண்டிக்கு முதல்ல கேபிள் ப்ளே பாக்கச் சொல்லுங்க, நட்டு திருக்குற வேலைதான். அதுல சரியாகலன்னா இறக்கும்போது பக்கத்துல நில்லுங்க, வேலை தெரிஞ்சவன் நிக்காதன்னு சொல்லமாட்டான். ஈரம் இருக்கா, ஃப்ளைவீல் எப்படி இருக்கு, பிரஷர் பிளேட் விரலெல்லாம் பேரிங் பட்டு தேஞ்சிருக்கான்னு கண்ணால பாருங்க. திரும்ப ஏத்தும்போ பாக்ஸோட கனத்த பிளேட்டு மேல தொங்க விடப்பிடாது, ஹப் வளைஞ்சிரும், அப்புறம் புதுசு போட்டும் வண்டி எடுக்கும்போ குலுங்கும். பழைய சாமானெல்லாம் கேட்டு வாங்குங்க. பாதிப் பேரு தரமாட்டான், ஆக்கர் கடையில பழைய இரும்பா எடை போட எடுத்து வச்சிருப்பான், நானும் கேக்காதவங்களுதுன்னா போடத்தான் செய்றேன்.