கன்வெர்ட்டிபிள் கார் சீட்: வாங்கும் முன் உங்கள் காரில் பொருத்திப் பாருங்கள்

கேள்வி: அடுத்த மாதம் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. ‘0–36 கிலோ’ குழந்தை கார் சீட் ஒன்று வாங்கினால் பன்னிரண்டு வயது வரை வேறு சீட்டே வேண்டாம் என்கிறார் கடைக்காரர். அதே கடையில் ‘0–18 கிலோ’ சீட் விலை குறைவாக இருக்கிறது. எதை வாங்கலாம்? (கோயம்புத்தூர்)

பதில்: இரண்டுமே கன்வெர்ட்டிபிள், அதாவது முதலில் பின்னோக்கியும் பிறகு முன்னோக்கியும் திருப்பி வைக்கும் சீட்டுகள். பிறந்த குழந்தைக்கு என்றால் 0–18 வாங்குங்கள். ஆனால் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குழந்தை காரின் பின்பக்கம் பார்த்தபடி எத்தனை கிலோ வரை இதில் உட்காரலாம்? 36 கிலோ தாங்கும் என்று விற்கும் சீட்டுகள் பலவற்றில் இது 13 கிலோதான். 0–18 சீட்டுகளிலும் 13 உண்டு, 18 உண்டு. 18 கிடைத்தால் அதையே எடுங்கள்.

பின்னோக்கி இருப்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், பிறந்த குழந்தையின் தலை மட்டுமே உடல் நீளத்தில் கால் பங்கு. கழுத்து எலும்புகளில் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பு. முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது கார் நேருக்கு நேர் மோதினால், உடலைச் சீட்டின் வார் பிடித்துக்கொள்ளும். தலை மட்டும் முன்னால் பாயும். மொத்த இழுப்பும் கழுத்தில் விழும். பின்னோக்கி இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் ஓடு, அதாவது அதன் கெட்டியான கூடு, ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும்.

ஆர்44 என்ற பழைய ஐரோப்பிய விதி 9 கிலோவிலேயே முன்னோக்கித் திருப்ப அனுமதித்தது. ஒரு வயதுக்குள்ளேயே பல குழந்தைகள் அந்த எடையைத் தொட்டுவிடும். அதன் பிறகு வந்த ஆர்129, அதாவது ஐ-சைஸ், உயரத்தைக் கணக்கில் எடுப்பதோடு 15 மாதம் வரை பின்னோக்கித்தான் என்று கட்டாயமாக்கியது. இந்தியத் தரம் ஏஐஎஸ்-072. இங்கே கடையில் வாங்குவதானால், இந்த மூன்றில் ஒன்றாவது சீட்டின் ஓட்டில் ஒட்டிய லேபிளில் இருக்க வேண்டும். இணையதள விளம்பரத்தில் ‘ஐரோப்பியத் தரம்’ என்று எழுதியிருப்பது போதாது. ஐரோப்பியத் தரம் என்றால், வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் அதன் பக்கத்தில் நாட்டு எண்ணும், கீழே அங்கீகார எண்ணும் உள்ள ஸ்டிக்கரைத் தேடுங்கள்.

பெரிய சீட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. பின்னோக்கி இருக்கும்போது தோள் வார், குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ சீட்டிலிருந்து வெளிவர வேண்டும். பிறந்த குழந்தையை உட்கார வைத்தால் தோள் ஏறத்தாழ 20 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். ‘எல்லா வயதுக்கும்’ என்று செய்த சீட்டுகளில் மிகக் கீழே உள்ள துளையே அதற்கு மேலே இருப்பதைப் பார்க்கலாம். கடைக்கு இஞ்ச் டேப் எடுத்துப் போங்கள். சீட்டோடு தரும் குட்டி மெத்தையைப் போட்டுவிட்டே அளக்க வேண்டும்.

0–18 சீட்டை விட்டதும், நான்கு வயதையொட்டி ஒரு பூஸ்டர் (காரின் பெல்ட் சரியாகப் படியும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை) தனியாக வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் இதுவே நல்லது.

கேள்வி: எங்கள் ஹேட்ச்பேக் பழையது, ஐசோஃபிக்ஸ் கிடையாது. பெல்ட்டில் கட்டும் சீட் பாதுகாப்பானதா? (மதுரை)

பதில்: சரியாகக் கட்டினால் பாதுகாப்பானதுதான். ஐசோஃபிக்ஸ் என்பது சீட்டைப் பெல்ட் இல்லாமல் காரின் இரும்பு வளையங்களில் நேரடியாக மாட்டும் முறை. பொருத்துவதில் வரும் தவறை அது குறைக்கிறது, அதுதான் அதன் பெரிய பலன். முதலில் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்: பின்சீட்டின் சாய்மானமும் இருக்கையும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் தடவினால், ஐசோஃபிக்ஸ் இருக்கும் காரில் 28 செ.மீ. இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் தட்டுப்படும். துணிக்குள் மறைந்திருப்பதால் பலர் கவனிப்பதில்லை.

பெல்ட்டில் கட்டுவதானால் பெல்ட்டின் நீளம்தான் பிரச்சினை. பின்னோக்கி வைக்கும்போது பெல்ட் நிறைய வேண்டும். சில கார்களில் பக்கிள் வரை எட்டவே எட்டாது. அதனால் திருப்பித் தர முடியும் என்றால் மட்டும் ஆன்லைனில் வாங்குங்கள். கடையில் என்றால் காரைக் கொண்டுபோய் வாசலிலேயே கட்டிப் பாருங்கள்.

பெரும்பாலான சீட்டுகளில் பெல்ட் போகும் வழி நிறத்தால் குறிக்கப்பட்டிருக்கும்: பின்னோக்கி என்றால் நீலம், முன்னோக்கி என்றால் சிவப்பு. பெல்ட்டை மாட்டியதும் முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டு, மிச்சப் பெல்ட்டை மேலே இழுத்து இறுக்குங்கள். பிறகு பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் ஆடினால் மறுபடி கட்டுங்கள். முதல் தடவையிலேயே சரியாக அமையாது; முன்சீட்டை முழுதும் முன்னே தள்ளிவிட்டு வேலை செய்தால் இடுப்பு பிழைக்கும்.

இடது பின்சீட் வசதி, நடைபாதைப் பக்கம் நின்று குழந்தையை இறக்கலாம். ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும்போது குழந்தையின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஓட்டில்தான் அறையும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அக்கா, தன் மகன் பயன்படுத்திய சீட்டைக் கொண்டுவருகிறார். சென்னையில் பயன்படுத்தலாமா? (தாம்பரம்)

பதில்: வைப்பதற்கு முன் ஒன்று பாருங்கள். அமெரிக்கக் கார்களின் பின்சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து விட்டால் அது பூட்டிக்கொள்ளும். திரும்ப உள்ளே மட்டும் போகும், வெளியே வராது. பல அமெரிக்க சீட்டுகள் இந்த வசதியை நம்பியே செய்யப்பட்டவை. நம் கார்களின் பெல்ட் பெரும்பாலும் திடீர் இழுப்புக்கு மட்டும் பூட்டும். சாதாரண ஓட்டத்தில் மெல்ல மெல்லத் தளர்ந்து சீட் சாய்ந்துவிடும். சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு இருந்தால் சிக்கலில்லை. இல்லாவிட்டால், உங்கள் காரில் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் இருக்கின்றனவா, அந்தச் சீட்டின் கொக்கிகள் அவற்றில் சரியாக மாட்டுகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கொண்டுவர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிடுங்கள். விமானத்தில் பெட்டி எடையாவது மிச்சம்.

ஓட்டின் அடியில் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் இருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். கார் ஏதாவது விபத்தில் சிக்கியிருந்தால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அந்தச் சீட் வேண்டாம்.

கேள்வி: “நான் மடியில் வைத்துக்கொள்கிறேன், அதைவிடப் பத்திரம் எது?” என்கிறார் மாமியார். எப்படிச் சொல்வது? (திருச்சி)

பதில்: கணக்காகச் சொல்லலாம். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதிப் பத்தில் ஒரு விநாடியில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோவைத் தூக்கும் அளவு பலம் வேண்டும். பாட்டியின் கை மட்டுமல்ல, பயில்வான் கையும் பிடிக்காது. ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். பெரியவரின் எடை குழந்தையை நசுக்கும். சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

மாமியாரைப் பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பாதி சண்டை அதிலேயே தீரும்.

கேள்வி: ஒன்றரை வயது மகளுக்குப் பின்னோக்கி உட்கார்ந்தால் கால் மடங்குகிறது. திருப்பிவிடலாமா? (சேலம்)

பதில்: வேண்டாம். கால் மடங்குவது குழந்தைக்குத் தொந்தரவே இல்லை, சம்மணம் போட்டோ சாய்மானத்தில் காலைத் தூக்கிப் போட்டோ உட்கார்ந்துகொள்வாள். பின்னோக்கிய எடை வரம்பைத் தாண்டினாலோ, தலை உச்சி ஓட்டின் மேல் விளிம்பை எட்டினாலோ திருப்புங்கள். திருப்பிய பிறகு தோள் வாரைத் தோள் மட்டத்துக்கோ சற்று மேலேயோ மாற்ற வேண்டும், காரின் பெல்ட்டையும் சிவப்பு வழிக்கு மாற்ற வேண்டும். சீட்டின் உச்சியிலிருந்து வரும் டாப் டெதர் வார் இருந்தால், காரிலும் அதற்கான கொக்கி இருந்தால், அதையும் கட்டுங்கள்.

எப்படி உட்கார்ந்தாலும் வார் இறுக்கம் முக்கியம். தோளருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் தளர்வு. மலைக்குப் போகும்போது ஸ்வெட்டருக்கு மேல் வார் போடாதீர்கள், வாரைப் போட்டுவிட்டு மேலே போர்த்துங்கள். வெயிலில் நிறுத்திய காரில் பக்கிளின் இரும்பு சுடும், நிறுத்தும்போதே சீட் மேல் வெள்ளைத் துணி போட்டு வையுங்கள். உறையைக் கழற்றித் துவைக்கலாம். வாரை மட்டும் வாஷிங் மெஷினில் போடாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.